பன்னிரண்டே முக்காலுக்கு எதற்குடா உனக்குப் பசி?

நேற்று ராத்திரியும் அதே கூத்துதான். ஒன்பது மணிக்கு நாலு இட்லி, சட்னி, மேலே ஒரு தம்ளர் பால். ஏப்பம்கூட வந்தது. அப்புறம் பன்னிரண்டே முக்காலுக்கு இந்த வயிற்றுக்கு என்ன கேடு வந்தது? சோறு கேட்டாலாவது மதிக்கலாம். மிச்சமிருந்த ரசம் சாதத்தை நினைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. துரைக்கு மொறுமொறுவென்று வேண்டும், காரமாக வேண்டும், இப்பவே வேண்டும்.

இதில் நான் குடியிருப்பது மதுரையில். தூங்கா நகரம் என்று பெருமையடித்துக்கொள்கிறோமே, அந்தப் பெருமை முழுக்க என் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பரோட்டாக் கடையில்தான் குடியிருக்கிறது. நடுராத்திரியில் தோசைக்கல்லில் டக்கு டக்கு டக்கு என்று கொத்துகிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சால்னா வாசம்.

சரி, எழுந்தேன். லைட் போட்டால் கூடத்தில் படுத்திருக்கிற அம்மா முழித்துக்கொள்வார். அதனால் நாற்பது வயது ஆள், சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய முறுக்கை எடுக்க, களவாணி மாதிரி நுனிக்காலில் போகிறேன். மேல்தட்டில் எவர்சில்வர் சம்படம். பகலில் தொட்டாலே கழன்று வருகிற அந்த மூடி ராத்திரியில் மட்டும் பற்றவைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நகத்தை விட்டு நெம்பினேன், வரவில்லை. வயிற்றோடு அணைத்துத் திருகினேன், வரவில்லை. கரண்டிக் காம்பால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினேன், வந்தது. வந்த வேகத்தில் கையை விட்டுத் தரைக்குப் போனது. விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதானே? ஙொய்ங் என்று சுற்ற ஆரம்பித்து, அடங்கப்போகிறது என்று நான் மூச்சு விடும்போது இன்னும் வேகமெடுத்து, கடைசியில் காலால் மிதித்த பிறகுதான் ஓய்ந்தது.

"யாருடா அது?"

"நான்தாம்மா. தண்ணி குடிக்க வந்தேன்."

"தண்ணிக் குடம் இங்கிட்டுல்ல இருக்கு?"

பதில் சொல்லாமல் கைக்கு அகப்பட்டதை வாயில் போட்டு ஒரே கடி. கடவாய்ப் பல் உச்சந்தலை வரைக்கும் அலறியது. முறுக்கு அச்சில் பிழிந்து காயவைத்த வத்தல். பொரிக்காதது!

இத்தனைக்கும் பிறகு மானமுள்ளவன் போய்ப் படுத்திருப்பான். நான் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தேன். அது சரசரக்கிற சத்தத்துக்கு மூடியே தேவலை. ஒன்றே காலுக்குப் படுத்தேன், இரண்டு மணிக்கு நெஞ்சு கரித்தது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டுமாம். அப்படியென்றால் நாலு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவதா? இடது பக்கம் சாய்ந்து படுத்தால் மேலேறுகிற புளிப்பின் தொல்லை குறையும் என்பது உண்மைதான், இரைப்பை கீழே போய்விடும். ஆனால் என் கட்டிலில் இடது பக்கம் திரும்பினால் நேரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே கொத்து.

தூக்கம் போனதே என்று செல்போனில் மேய்ந்தால் அங்கே இன்னொரு வயிற்றெரிச்சல். 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பசியைக் கிளப்புகிற கிரெலின் என்கிற ஹார்மோன் 28 சதவீதம் ஏறியதாம், போதும் என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் இறங்கியதாம். இனிப்பு, உப்புப் பண்டங்கள் மேல் ஆசை வேறு கூடியதாம். ஆக, தின்றதால் தூக்கம் போச்சு, தூக்கம் போனதால் நாளைக்கு இன்னும் பசிக்கும், பசித்தால் மறுபடி தின்பேன். கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கணக்குப் போட மாட்டான்.

அது கிடக்கட்டும். அந்த மிக்சர் பாக்கெட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். பல் போகிற பயத்தில் செல்போன் வெளிச்சத்தில்தான் தின்றேன், அதனால் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். கால் கிலோவில் பதினோரு நிலக்கடலை. மிச்சம் பூராவும் ஓமப்பொடி. மேலே அட்டகாசமாக முந்திரிப் படம் வேறு போட்டிருக்கிறான். எங்கேடா அந்த முந்திரி?