குடியால் இறந்தார் என்றுதான் எழுதினேன், அது அப்படியே இருக்கும்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவை நீக்கச் சொல்லி இன்று காலை வரை பதினொரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கியும் ஆயிற்று. என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. என் பெரியம்மா மகன், 44 வயது, குடித்துக் குடித்து ஈரல் சுருங்கி இறந்தார். "குடியால் இறந்தார்" என்று எழுதினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனரில் "உடல்நலக் குறைவால்" என்று இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் "மஞ்சள் காமாலை" என்றார்கள். வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன செய்தியில் அது "திடீர் நெஞ்சுவலி" ஆகியிருந்தது. உண்மையில் அவரைக் கொன்றதை மட்டும் ஒருவர் வாயும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டம்ளர்கள் கிடந்தன. பாடை தூக்கப் போகும் பையன்களுக்கு அலுப்புத் தெரியக்கூடாதாம். ஈரல் வெந்து இறந்த மனிதர் முன்வாசலில் ஐஸ் பெட்டியில் கிடக்கிறார், பின்வாசலில் பாட்டில் திறக்கிறார்கள். மறுநாள் செலவுக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். மூங்கில், மாலை, நாற்காலி வாடகை, ஐஸ் பெட்டி, எல்லாம் தனித்தனி வரியில் இருந்தன. கடைசி வரி: "இதர செலவு 4,600". அதற்குக்கூடப் பெயர் எழுத யாருக்கும் கை வரவில்லை.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்கிறீர்கள். அவரைத் திட்டி ஒரு சொல் எழுதினேனா? ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். விசைத்தறிப் பட்டறையில் முதல் வாரக் கூலி வாங்கிய அன்று எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அது இன்றும் என் பீரோவில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் கடைசி நான்கு மாதம் அவர் பக்கத்தில் இருந்தீர்கள்? கை கால் குச்சியாகி வயிறு மட்டும் உப்பிப்போய், கைலி இடுப்பில் நிற்காமல் நழுவும். அண்ணி தன் பாவாடையிலிருந்து நாடாவை உருவி அதன் மேல் கட்டிவிடுவார். பத்து நாளைக்கு ஒரு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாள் மூச்சு விடுவார். கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். கண் மஞ்சளாக இருந்தது உண்மைதான். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகும். ஈரலைக் கெடுத்தது எது என்பதைத்தான் நான் எழுதினேன்.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மஞ்சள் காமாலை என்று நீங்கள் சொன்னதும் வந்தவர்கள் அண்ணியிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? "கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?" "பத்தியம் சரியாக இருந்தாரா?" "கொஞ்சம் முன்பே கவனித்திருந்தால்..." பதினெட்டு வருடம் அடி வாங்கி, தாலிக்கொடியை அடகு வைத்து, நள்ளிரவில் பஸ் நிலையத்தில் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த பெண், கணவனைக் கவனிக்காதவள் ஆகிவிட்டார். குடியின் பெயரைச் சொல்லாமல் விட்டால் பழி காற்றில் கரைந்துவிடாது. அண்ணியின் தலையில் வந்து இறங்குகிறது. மரியாதை, மானம் என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

"குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கெடும். ஹெபடைடிஸ் பி வைரஸால் கெடும், சர்க்கரை நோயாலும் கெடும். அண்ணனுக்கு அப்படிக் கெடவில்லை.

"குடிநோய் ஒரு வியாதி, நோயாளியை அசிங்கப்படுத்துகிறாய்" என்று என் தோழி சொன்னாள். இதுதான் என்னைச் சுட்டது. வியாதிதான். வியாதி என்று ஒத்துக்கொண்டிருந்தால் வைத்தியம் பார்த்திருப்போமே! முனியப்பன் கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினோம். மாலை போட்டிருந்த நாட்களில் வீடு வீடாக இருந்தது, கழற்றிய அன்று சாயங்காலமே போய்விட்டது. ஒரு முறை அவராகவே ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனோம். அங்கேயும் அடங்காததால் பெரியவர் ஒருவரே ஒரு குவார்ட்டர் வாங்கி ஊற்றினார். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும், வலிப்பு வரும், உயிரே போகலாம், மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. நானும் அன்று திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் குற்றம் எனக்கும் உண்டு. வெளியே தெரிந்தால் கேவலம் என்று மூடி மூடி வைத்ததில்தான் அவர் போனார். செத்த பிறகும் மூடுங்கள் என்கிறீர்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதலில் அங்கேயும் சாராயம் காரணம் இல்லை, வேறு உடல் கோளாறு என்றுதான் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. பிறகு சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அந்தச் சாவுக்குப் பெயர் இருக்கிறது. முத்திரை ஒட்டிய பாட்டிலில், ரசீது போடும் கடையில் வாங்கி, இருபது வருடம் குடித்துச் செத்தால் அதற்குப் பெயர் உடல்நலக் குறைவு. 2003-ல் மதுச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் என் அண்ணனின் விசைத்தறிக் கூலி எவ்வளவு என்று அண்ணிக்குத் தெரியும். "மது உயிருக்குக் கேடு" என்று விற்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எழுதினால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறதா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், வருமானத்துக்கு எங்கே போவது என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். கடையை மூடு என்று நான் அந்தப் பதிவில் எழுதவே இல்லை. ஆனால் கேட்டால்தான் என்ன? 1937-ல் சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். வருமானம் போயிற்று என்று ராஜாஜி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கடுகு வாங்கினாலும் வரி கட்டுகிறோம். கடையும் திறந்தே இருக்கிறது. அதே சேலத்தில்தான் அண்ணியின் நாடா அண்ணனின் இடுப்பில் இருந்தது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பதிவை ஏன் நீக்க மாட்டேன் என்பதற்கு வருகிறேன்.

இறுதிச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் அண்ணன் மகன் என்னிடம் வந்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். "அத்தை, மஞ்சள் காமாலை பரம்பரையாக வருமா? எனக்கும் வருமா?" என்று கேட்டான். அவன் அப்பாவின் அப்பாவும் "மஞ்சள் காமாலையில்" போனவர் என்றுதான் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பிடித்துக் கண்ணின் வெள்ளையைப் பார்த்துக்கொள்கிறான். குடிக்கு அடிமையாகும் தன்மையில் ஏறக்குறையப் பாதி பரம்பரையில் வருவது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வீட்டுப் பையன் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகுதான் பதிவு எழுதினேன். எழுதும் முன் அண்ணியிடம் கேட்டேன். "போடு" என்றார்.

ஆகவே மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வருவேன். கணக்கு நோட்டை இந்த முறை நான் எழுதுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். பின்வாசலில் பாட்டில் வந்தால் அந்த வரிக்கு அதன் பெயரைத்தான் எழுதுவேன், வாங்கிவந்தவர் பெயரையும் பக்கத்தில் எழுதுவேன்.