தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே நாய்களை நினையுங்கள்

தீபாவளி முடிந்த மறுநாள் முகநூலைத் திறந்தால் காணாமல்போன நாய்களின் படங்கள் வரிசையாக வரும். வெடிச் சத்தத்தில் மிரண்டு சுவரேறிக் குதித்தது, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இல்லை. பெரும்பாலும் இதே கதைதான். முன்கூட்டியே தடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

"நாய்தானே, போகப்போகப் பழகிவிடும்" என்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: மிரண்ட நாய்க்குத் தானாகப் பழகுவது அரிது, ஆண்டுக்கு ஆண்டு அச்சம் அதிகமாகத்தான் வாய்ப்பு. நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரையுள்ள ஒலிதான் கேட்கும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். பொத்திக்கொள்ளக் கையும் இல்லை. "கொஞ்சினால் பயம் வளரும், கண்டுகொள்ளாதே" என்ற பழைய அறிவுரையையும் தூக்கி எறியுங்கள். நடுங்கிக்கொண்டு மடி தேடி வரும் உயிரை அணைத்துக்கொள்வதால் எந்தக் கெடுதலும் இல்லை.

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. எத்தனை தெருக்களில் அதை மதிக்கிறார்கள்? அதனால் நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். விடிவதற்கு முன்பே நடைக்கு அழைத்துப் போய்விடுங்கள். பிறகு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். கட்டிப்போடவே கூடாது, மிரண்டு துள்ளும்போது கயிறே கழுத்தை இறுக்கிவிடும்.

மிகவும் மிரளும் நாயென்றால் கால்நடை மருத்துவரை ஒரு வாரம் முன்பே பாருங்கள். பதற்றம் தணிக்கும் மருந்தைச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்தால்தான் முழுப் பலன். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். லட்டிலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சையும் அப்படித்தான். பலகாரத் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள், விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

வீட்டு நாய்க்காவது கதவு இருக்கிறது. தெருநாய் எங்கே போகும்? அதன் வாலில் சரவெடி கட்டிச் சிரிப்பது விளையாட்டு அல்ல, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுப் பிள்ளையே ஆனாலும் தடுத்தாக வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. ஓர் ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. நேபாளத்திலோ இதே பண்டிகைக் காலத்தில் 'குகுர் திஹார்' என்ற நாய்களுக்கான நாளன்று தெருநாய்க்கும் மாலையிட்டுத் திலகம் வைத்து உணவு படைக்கிறார்கள்.

நான் மாலை கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ ஒண்டும் நாயை அன்று ஓர் இரவு மட்டும் விரட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.