மாவுக்கட்டு போட்டால் விரலை அசைக்கக் கூடாதா?

"மூட்டுவாதம் இருப்பவர்கள் கை முறிந்தால், கட்டு பிரிக்கும் வரை விரலைக்கூட அசைக்காதீர்கள், வாத மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அசையக் கூடாதது முறிந்த இடம் மட்டும்தான். மருத்துவர் தடுக்காத வரை, கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மடக்கி நீட்டலாம், தோளையும் அசைக்கலாம். ஏற்கெனவே காலையில் இறுகிக் கிடக்கும் விரல்களை வாரக்கணக்கில் சும்மா வைத்தால், அப்புறம் சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இணையதளத்தில், மாவுக்கட்டுப் பராமரிப்புப் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம்.

மாத்திரை விஷயம் இன்னும் ஆபத்து. வாத வீக்கத்தைக் குறைக்கப் பல வாரங்களாக எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. மாற்றம் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.