செவ்வந்தி என்று பெயர் வைத்ததில் என்ன குற்றம்?

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து இன்றோடு 17 நாட்கள் ஆகின்றன. அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட முதலில் பெயரைக் கேட்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லோரும் கேட்ட கேள்வி, "என்ன ஜாதி?" என்பதுதான். நாட்டு நாய் என்றதும் முகம் சுருங்குகிறது. பெட்டை என்றதும் இன்னும் சுருங்குகிறது. செவ்வந்தி என்று பெயரைச் சொன்னதும் கோபமே வந்துவிடுகிறது. மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த அந்தக் கேள்வியை, இன்னும் சரியாக நடக்கக்கூடத் தெரியாத ஓர் உயிரிடமும் கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

எங்கள் தெருமுனையில் பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்றின் மணற்குவியலில் ஒரு தெருநாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. ஒரு மாதம்கூட நிறையாத நிலையில், மூன்று ஆண் குட்டிகளையும் ஆள் மாற்றி ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பெட்டைக் குட்டிகளையும் புரட்டிப் பார்த்து, "பொட்டையா, வேண்டாம்" என்று மணலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் காசுக்கு விற்கப்படாத, மணலில் பிறந்த குட்டிக்கு எந்த விதி காவல் நிற்கும்? தாய் நாய் ஒரு நாள் இரை தேடப் போனது, திரும்பவில்லை. அன்று இரவு பெய்த மழையில் ஒரு குட்டி இறந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைத்தான் என் மகள் பள்ளிச் சீருடைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

என் அம்மா தமது பழைய நூல் புடவையை மடித்து அட்டைப்பெட்டிக்குள் விரித்தார். முதல் இரண்டு இரவுகள் குட்டி விடாமல் முனகியது. மகள் பெட்டியின் அருகிலேயே பாய் போட்டுப் படுத்து, உள்ளே கையை வைத்துக்கொண்டே தூங்கினாள். குளிப்பாட்டாமல், வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சேறு போனபின்தான் நிறமே தெரிந்தது. "செவ்வந்திப் பூ மாதிரி இருக்கா" என்றார் அம்மா. அதுவே பெயராயிற்று. நான்காம் நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மடிந்திருந்த ஒரு காது மட்டும் நிமிர்ந்ததைப் பார்த்து வீடே சிரித்தது. அதன்பின் எங்களால் அவளை 'அது' என்று சொல்ல முடியவில்லை.

இந்தப் பெயரைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். "பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரை நாய்க்கு வைக்கலாமா? ரோசின்னு வச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று அத்தை முறைமையுள்ள ஒருவர் என் மகளை அழ வைத்துவிட்டுப் போனார். ரோசி என்பது மட்டும் பெண்பிள்ளையின் பெயர் இல்லையா? அதுவும் பூவின் பெயர்தானே? டாமி என்பது தாமஸின் செல்லப் பெயர், ஜிம்மி என்பது ஜேம்ஸின் செல்லப் பெயர், சீசர் ரோமாபுரியை ஆண்டவன் பெயர். அவை நாய்க்குப் பொருந்துமாம். நம் மொழியில் பெயர் வைத்தால் மட்டும் மனிதருக்கு இழுக்காம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், ஒரு நடுகல் எழுப்பினார்கள். எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கான கல் அது. அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்றும் எழுதி வைத்தார்கள். தன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சமூகத்தின் பிள்ளைகள், ஒரு குட்டிக்குத் தமிழ்ப்பெயரா என்று சண்டைக்கு வருவதை எப்படித் தாங்குவது? அந்தக் கல்லில்கூட நாயின் ஜாதி எழுதப்படவில்லை. பெயரும் செயலும்தான் இருக்கின்றன.

உறவினர் ஒருவரோ சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுப்பதற்கென்று வளர்க்கப்பட்ட ஹஸ்கியை வாங்கச் சொன்னார், எங்கள் மதுரை வெயிலில். இன்னொருவர், பெட்டை என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடுமே என்று கவலைப்பட்டார். ஆறு மாதத்துக்குப்பின் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. இந்தக் காரணத்தைச் சொல்லித்தானே பெண் குட்டிகளைக் குப்பைத்தொட்டி ஓரங்களில் கொண்டுபோய் விடுகிறார்கள்?

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது கடந்த வாரம் நடந்தது. பார்வோ வைரஸ் தாக்கினால் குட்டிகள் இரண்டே நாளில்கூட இறந்துபோகும் என்பதால், முதல் தடுப்பூசிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். அட்டை எழுதிய பணியாளரிடம் என் மகள் செவ்வந்தி என்று தெளிவாகச் சொன்னாள். அவர் சிரித்தார், இனம் என்ற இடத்தில் 'நாட்டு' என்று எழுதினார், பெயருக்கான கோட்டை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு அட்டையை நீட்டினார். ஊசி வலியில் நடுங்கிய குட்டியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த நான் அப்போது அதைக் கவனிக்காமல் போனேன். வீட்டுக்கு வந்தபின், "அப்பா, பேரே எழுதல" என்று மகள் அட்டையைக் காட்டினாள். அவளே எழுதிக்கொள்ளலாம் என்றேன், மறுத்துவிட்டாள்.

அடுத்த ஊசிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தப் பணியாளர் கையாலேயே அந்தக் கோட்டில் பெயரை எழுதி வாங்காமல் நான் மருத்துவமனை நாற்காலியை விட்டு எழப்போவதில்லை.