ஷட்டர் எண்ணிக்கை மட்டும் போதாது
ஷட்டர் எண்ணிக்கை, அதாவது படம் எடுக்க ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு, குறைவாக இருந்தால் பழைய கேமராவைத் தைரியமாக வாங்கலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வாங்கிய நிக்கான் டி750 வெறும் 18,000 தான் காட்டியது. அந்த ஷட்டருக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 1,50,000 முறை. அதனால் கிட்டத்தட்ட புதுசு என்றே நம்பினேன். விற்றவர் அதில் மணிக்கணக்கில் கல்யாண வீடியோ எடுத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வீடியோ ஓடிய நேரத்தை அந்த எண் சொல்லாது. ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் குறை இருந்ததால், இருட்டில் எடுத்த படமெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். லென்ஸ் மூடியைக் கழற்றாமல், இரைச்சல் குறைப்பை (இப்படிப்பட்ட புள்ளிகளைக் கேமராவே நீக்கிவிடும் வசதி) அணைத்துவிட்டு, 30 விநாடிக்கு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அப்புறம், கேமராவின் அடியில் உள்ள வரிசை எண்ணும் படத்தின் எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் கேமரா பதியும் விவரம்) வரும் எண்ணும் ஒன்றுதானா என்று கட்டாயம் பாருங்கள்; வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள், பதில் சரியாக வராவிட்டால் விட்டுவிடுங்கள். டி750 வாங்குபவர்கள் ட்ரைபாட் திருகுத் துளைக்குள்ளும் பார்க்க வேண்டும்: 2015-ல் நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்த ஒளிச்சிதறல் குறை நீங்கிய கேமராவில் அங்கே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மேலே கருத்து எழுதிய ஒருவர் கேனனிலும் படக் கோப்பை வைத்தே ஷட்டர் எண்ணிக்கை பார்க்கலாம் என்கிறார். கேனனின் பெரும்பாலான இஓஎஸ் மாடல்கள் அதைப் படத்தில் பதிவதில்லை, கேபிள் போட்டுத் தனி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.