மூளைத் தூண்டல் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு

பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) உள்ள குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பது என் வேலை. சில காலமாகப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "தலையில் மின்சாரம் வைத்தால் கை சரியாகிவிடுமாமே, உண்மையா?" என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியோடு சேர்ந்து, ஆய்வுக் கண்காணிப்பில் தரப்படும் தூண்டலை நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன். பயிற்சிக்கு உரிய நேரத்தையும் பணத்தையும் விழுங்கிவிட்டு வரும் தூண்டலைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தத் தூண்டல். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டிய முறை இது. தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து காந்தத் துடிப்பு கொடுத்தால், கையை ஆளும் மூளைப்பகுதி தூண்டப்பட்டு விரல் தானாகத் துடிக்கும். மற்றொன்று, ஈரப் பஞ்சு வைத்த மின்முனைகள் வழியாக ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவது. இந்த மெல்லிய மின்சாரம் எந்த விரலையும் அசைக்காது. நரம்பணுக்கள் வேலைக்குத் தயாராக இருக்கும் அளவைச் சற்றே ஏற்றும் அல்லது இறக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தூண்டல் ஏன் பலன் தரக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள, மூளைக்கும் கைக்கும் உள்ள இணைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்புப் பாதைகள் இருக்கின்றன. முதல் சில ஆண்டுகளில் அவற்றுக்குள் போட்டி நடக்கிறது. அதிகம் பயன்படும் பாதை வலுப்பெறுகிறது, பயன்படாதது பின்வாங்குகிறது. வழக்கமாக இடப்பாதி வலக்கையையும் வலப்பாதி இடக்கையையும் எடுத்துக்கொள்வதோடு போட்டி முடிந்துவிடும். பிறப்பை ஒட்டி மூளையின் ஒரு பாதியில் பக்கவாதம் வந்த குழந்தைக்கு இந்தப் போட்டி சமமாக நடப்பதில்லை. நல்ல பாதி ஓங்கிவிடுகிறது. அடிபட்ட பாதி இன்னும் அடங்கிப்போகிறது. அதனால்தான் நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான காந்தத் தூண்டலால் நல்ல பாதியைச் சிறிது அமைதிப்படுத்தி, அடிபட்ட பாதிக்கு வாய்ப்பளிக்கப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். சில குழந்தைகளிடம் பலவீனமான கையை ஆள்வதே அந்த நல்ல பாதிதான். அதை அடக்கினால் உள்ளதும் பாதிக்கப்படுமோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாதி எந்தக் கையை ஆள்கிறது என்பதைக் காந்தத் துடிப்பை வைத்தே பெரும்பாலும் சோதித்து அறியலாம். அப்படி எதுவும் பார்க்காமல், வருகிற குழந்தைக்கெல்லாம் ஒரே இடத்தில் மின்முனையை ஒட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கனடாவின் கால்கரியில் ஆடம் கிர்ட்டன் குழு 45 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. காந்தத் தூண்டலும், நல்ல கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கையைப் பயன்படுத்த வைக்கும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளுமே இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி பெற்றார்கள். அடுத்த ஆண்டு அதே குழு மெல்லிய மின்சாரத்தைச் சோதித்தபோது, கைத்திறன் தேர்வில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கும் போலித் தூண்டல் (கருவியைப் பொருத்தியும் உண்மையான தூண்டல் தராதது) பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்த இலக்குகளில் மட்டும் உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு இது சின்னச் செய்தி இல்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டு, அதைப் போட்டும்விட்டால், தேர்வு மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அந்த வீட்டின் காலைப்பொழுது மாறிவிடும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகள். கைகால் நான்கும் இறுகியிருக்கும் குழந்தையின் தாயிடம் அதே முடிவைக் காட்டிப் பணம் வாங்குவது அநியாயம்.

போலித் தூண்டலோடு ஒப்பிடுவது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2001-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கனடிய ஆய்வைச் சொல்கிறேன். 111 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உயர் அழுத்த ஆக்சிஜனும், மற்றவர்களுக்குச் சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றும் கொடுத்தார்கள். இரு தரப்பும் முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில். ஒப்பிட ஆளில்லாமல் செய்திருந்தால், ஆக்சிஜனால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லியிருப்பார்கள். இன்றைய தூண்டல் காணொளிகளில் ஒப்பிட யாருமே இருப்பதில்லை.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். குழந்தை சும்மா படுத்திருக்க, பெரியவர் கைகாலை மடக்கி நீட்டிவிட்டு அனுப்பினால் இயக்கத்திறன் வளராது. அயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு இதைத் தெளிவாகவே சொன்னது. குழந்தை தானே அசைய வேண்டும். தனக்கு வேண்டிய ஒரு செயலை நோக்கி, திரும்பத் திரும்ப, சற்றுக் கடினமான அளவில். வீட்டில் விளையாட்டோடு கலந்து செய்வதும் இதில் சேரும். சலிப்பூட்டும் வேலைதான், படம் பிடித்துப் போட எதுவும் இருக்காது. ஆனாலும் பலன் இங்கேதான் இருக்கிறது.

வலிப்பு வரும் குழந்தைகள் பெருமூளை வாதத்தில் நிறைய; தூண்டல் அந்த வலிப்பைக் கிளப்பிவிடுமோ என்று பார்க்க வேண்டும். தலையில் உலோகமோ, செவியில் பதித்த கருவியோ இருந்தால் காந்தத் தூண்டல் ஆபத்து. ஆகவே நரம்பியல் மருத்துவர் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் பிள்ளையின் தலையில் பொருத்துவதை, தயவுசெய்து, யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

தூண்டல் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், போகும் இடத்தில் இதைக் கேளுங்கள்: "இந்த 20 நிமிடத்திலும் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்திலும் என் குழந்தை எந்தச் செயலைப் பழகப்போகிறது, கூட இருந்து பழக்கப்போவது யார்?" "படுத்திருந்தால் போதும், முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்துக்குக் கூடுதல் பயிற்சி நேரம் கிடைக்கும்.