தோற்ற அணிக்கும் அடுத்த போட்டி வேண்டும்

சென்ற ஆண்டு வலய மட்டப் போட்டியில் எங்கள் பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணி முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்களால் தோற்றது. பாதிக்கு இருபது நிமிடமாக மொத்தம் நாற்பது நிமிட ஆட்டம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து புறப்பட்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளைகள், பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பும் பஸ்ஸுக்காக வீதியோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஆடும் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மதகில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, அதன் முனையில் திணித்திருந்த பத்திரிகைத் தாளை வெளியே எடுத்தாள். அண்ணனுடைய சப்பாத்து அவளுக்கு இரண்டு அளவு பெரியது. நனைந்து கூழாகிப்போன அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, "டீச்சர், இனி எப்ப வெளாடுவோம்?" என்று கேட்டாள். அடுத்த வருடம் என்று சொன்னேன். அடுத்த வருடம் அவள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பதை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நான் கண்டிருந்தேன். 2022ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை இலங்கையின் மலையகத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளும் மணிக்கணக்கில் மின்வெட்டு, கோதுமை மா விலை ஏறியதால் லயங்களில் ரொட்டியின் அளவே சிறுத்துப்போன காலம் அது. அந்த நாட்களில்தான், மின்சாரம் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி வைத்த கைத்தொலைபேசியில், இந்திய மகளிர் லீக்கின் அந்த ஆண்டுப் பருவத்தை நான் தொடர்ந்து பார்த்தேன். நேரலை கிடைத்த நாட்களில் முழு ஆட்டம், கிடைக்காத நாட்களில் முடிவு மாத்திரம். பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம் மதுரையின் சேது அணி. எங்கள் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து மண்டபம் வழியாகக் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கியவர்கள். சேது என்ற சொல்லை அந்தக் கடலோடு சேர்த்தே கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரை முதுகில் தாங்கிய பெண்கள் பந்தை உதைப்பதைப் பார்ப்பதில் ஒரு தனி ஈர்ப்பு இருந்ததை மறைக்க மாட்டேன்.

அந்தப் பருவத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அந்த அமைப்பைப் பற்றியதே. இந்திய மகளிர் லீக் 2017இன் தொடக்கத்தில் புதுடில்லியில் ஆறு அணிகளோடு ஆரம்பமானபோது, அது பெயரளவில் லீக்காக இருந்தாலும் உண்மையில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சுற்றுப்போட்டியாகவே இருந்தது. மணிப்பூரின் ஈஸ்டேர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதற்கிண்ணத்தை வென்றது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த மூன்றாவது பருவத்தில் சேது அணி இறுதிப்போட்டியில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வென்று சம்பியனானது. அதுவும் குழுக்கள், அரையிறுதி, இறுதி என்று சில வாரங்களில் முடிந்த கதைதான். கொரோனாவினால் 2020-21 பருவம் நடக்கவே இல்லை. அதன் பின்னர் 2021-22 பருவத்துக்காகப் புவனேஸ்வரில் பன்னிரண்டு அணிகளைக் கூட்டியபோது, அரையிறுதியும் இறுதியும் இல்லாமல், ஒவ்வோர் அணியும் மற்றப் பதினொரு அணிகளோடும் ஒருமுறை மோதும் முறையைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் அறுபத்தாறு ஆட்டங்கள், ஏறத்தாழ ஆறு வாரங்கள். ஒடிசாவின் சித்திரை வெயிலில், ஒரே நகரில், சில நாட்களுக்கொரு முறை ஆடவேண்டிய கடுமையான ஏற்பாடு அது. குறைகள் பல இருந்தன. ஆயினும் வரவிருக்கும் பதினொரு ஆட்டங்களும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன, முதல் நாள் தோற்ற அணியும் மூட்டையைக் கட்டவில்லை.

நான் அதிகம் கவனித்தது பட்டியலின் அடியில் இருந்த அணிகளைத்தான். கோகுலம் கேரளாவும் சேதுவும் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தபோது, மறுபுறத்தில் மீண்டும் மீண்டும் தோற்ற அணிகள் இருந்தன. அப்படி ஓர் அணியின் கோல்காப்பாளர் முதல் வாரத்தில் கோல் கோட்டை விட்டு நகரவே தயங்கினாள். மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் முன்னே வந்து பந்தைக் கையால் தட்டிவிடத் தொடங்கினாள். மே மாத நடுப்பகுதியில், பாய்ந்து வரும் முன்கள வீராங்கனையின் காலடியில் விழுந்து பந்தைப் பறித்தெடுத்தாள். அன்றும் அவளுடைய அணி தோற்றது. ஆனால் ஏப்ரலில் பார்த்த அதே பிள்ளைதானா இவள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. இந்த மாற்றத்தை எந்தப் பயிற்சி முகாமும் கொடுத்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் முகாமில் எதிரணி இல்லை, புள்ளி இல்லை, போன ஆட்டத்தில் செய்த பிழையை இந்த ஆட்டத்தில் திருத்தியாக வேண்டும் என்ற நெருக்குதலும் இல்லை.

பருவத்தின் கடைசி நாளான மே 26ஆம் திகதி வந்தபோது, கோகுலமும் சேதுவும் தலா பத்து ஆட்டங்களில் பத்திலும் வென்று, முப்பது புள்ளிகளோடு சமமாக நின்றன. இறுதிப்போட்டி என்று ஒன்று வைக்கப்படாத பருவத்தில் அட்டவணை தானாகவே ஓர் இறுதிப்போட்டியைக் கொண்டுவந்து சேர்த்தது. கோல் வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்த கோகுலத்துக்குச் சமநிலையே போதும், சேதுவுக்கு வெற்றி வேண்டும். கலிங்கா மைதானத்தில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ரேணு தேவி சேதுவுக்காகக் கோல் அடித்தபோது, எங்கள் வீட்டில் நான் மட்டும் எழுந்து நின்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். பிறகு ஆஷாலதா தேவி பெனால்டியில் ஆட்டத்தைச் சமமாக்கினார், கானாவைச் சேர்ந்த எல்ஷடாய் அச்சியம்பொங் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. 3-1 எனக் கோகுலம் வென்றது. அன்று இரவு எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது. ஆனால் சேதுவின் பிள்ளைகள் அந்தத் தோல்விக்கு முன் பத்து ஆட்டங்களை வென்றிருந்தார்கள், தாங்கள் யார் என்பதை அந்த ஆறு வாரங்களில் தங்களுக்கே காட்டியிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோன எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

அந்தப் பருவத்தின் பயன் உடனே தெரிந்தது. மனிஷா கல்யாண் அதே ஆண்டு சைப்பிரஸின் அப்பொலோன் அணியில் சேர்ந்து, ஐரோப்பிய மகளிர் சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண்ணானார். கோகுலம் அணி ஆசியக் கழகப் போட்டிக்காக ஓகஸ்ட் மாதம் தாஷ்கண்டுக்குப் போய் இறங்கிய வேளையில், நிர்வாகச் சிக்கலைக் காரணம் காட்டி உலக உதைபந்தாட்ட அமைப்பான பீஃபா இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதால், ஆடாமலே திரும்பி வந்தது. இதைப் படித்தபோது நான் அடைந்த கோபம் சில மாதங்களில் எங்கள் வீட்டுக் கோபமானது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தையும் பீஃபா இடைநிறுத்தியது, தடை நீங்கியது ஓகஸ்டில். மேசையில் அமர்பவர்கள் செய்யும் பிழைக்கு மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் தண்டனை அனுபவிப்பது இரு நாடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இந்தியா அத்தோடு நின்றுவிடவில்லை. 2023-24 பருவத்தில் முதன்முறையாக அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், டிசம்பரிலிருந்து மார்ச் வரை நீண்ட பருவம். அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 இலட்சம் இந்திய ரூபாவுக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதையும், அந்த இரண்டு கோல்களையும் அடித்த சங்கீதா பாஸ்போர், அந்த ஆண்டு லீக் சம்பியனான ஈஸ்ட் பெங்காலின் வீராங்கனை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். லீக் ஒன்றினால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டமே இல்லாமல் எவரும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

"அது இந்தியா, அவங்ககிட்ட காசு இருக்கு" என்று நண்பர்கள் சொல்வார்கள். சேது அணிக்காக ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள், காசு உள்ள வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். இந்துமதி பின்னர் தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகரானார். சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். நம் நாட்டிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் தேசிய மட்டத்தில் பெற்ற வெற்றிகள் எங்கள் கண் முன்னால் இருக்கின்றன. போர் நடந்த மண்ணில் அது முடிந்திருக்கிறது.

மலையகத்தில் உதைபந்துக்குப் பஞ்சம் இல்லை. நோர்வூட்டிலும் ஹட்டன் டன்பார் மைதானத்திலும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் தெரியும், தோட்டத்துக்குத் தோட்டம் இளைஞர் அணிகள், தீபாவளிக்கும் மே தினத்துக்கும் கிண்ணங்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை, அதுவும் தோற்றால் வெளியேறும் முறையில். அத்தகைய போட்டி பலமான பாடசாலைக்கு நான்கு ஆட்டங்களையும் பலவீனமான பாடசாலைக்கு ஓர் ஆட்டத்தையும் கொடுக்கிறது. அதிகம் ஆட வேண்டியவள் மிகக் குறைவாக ஆடுகிறாள். ஒரு நாளில் போட்டியை முடித்துவிட்டால் செலவு மிச்சம் என்று இதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. ஒருமுறை ஓர் அதிகாரி, பெண்பிள்ளைகளுக்குத்தான் வலைப்பந்து இருக்கிறதே என்றார். வலைப்பந்து இருக்கிறது, நல்ல விளையாட்டு. எங்கள் பிள்ளைகள் கேட்டது உதைபந்து.

பெற்றோரின் தயக்கத்தை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் வரும் தாய், மகள் இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்துவிட வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. எங்கள் கோல்காப்பாளரின் அம்மா என்னிடம், "ஏங்க டீச்சர், தூரமா போறதுனாத்தான் பயம், பக்கத்துத் தோட்டம்னா நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். ஒரு லீக்கை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான யோசனையை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள பாடசாலைகள், சனிக்கிழமைக் காலை, மதியத்துக்குள் வீடு.

இந்த ஆண்டு அதைத்தான் செய்கிறோம். அயலிலுள்ள மூன்று பாடசாலைகளின் ஆசிரியர்களோடு பேசி, நான்கு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடு தன் மைதானத்தில் ஒருமுறை, அவர்களுடைய மைதானத்தில் ஒருமுறை என்று பன்னிரண்டு ஆட்டங்களுக்கு அட்டவணை போட்டோம். கிண்ணம் வாங்கவில்லை, அந்தக் காசுக்கு இரண்டு பந்து வாங்கினோம். எங்கள் மைதானம் தொழிற்சாலைக்குக் கீழே, ஒரு பக்கம் சரிந்து கிடப்பது. பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருண்டு இறங்கிவிடும், எடுக்கப் போகும் பிள்ளை காலில் அட்டையோடுதான் மேலே ஏறி வருவாள். அதனால் கோட்டோரம் ஒரு போத்தலில் உப்புத்தண்ணீர் வைத்திருக்கிறோம், இரு அணிகளுக்கும் பொதுவாக.

முதல் ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் 0-3 எனத் தோற்றார்கள். சென்ற ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி, பரீட்சை ஆண்டாக இருந்தும், அம்மாவிடம் சொல்லி ஆறு சனிக்கிழமைகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பும் வழியில் அவள் இம்முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எதிரணியின் இடதுபுறத்தில் வேகமாக ஓடிய பிள்ளையை அடுத்த முறை யார் பிடிப்பது என்று மற்றவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள்.

இன்னும் எங்களுக்கு நடுவர் ஒருவர் தேவை, இப்போது நாங்களே விசில் ஊதுகிறோம், அது சரியில்லை. ஹட்டன், நோர்வூட் பக்கம் நடுவர் பயிற்சி பெற்ற எவரேனும் சனிக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம் தர முடிந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். பாவித்த உதைபந்தாட்டச் சப்பாத்துகள் இருந்தாலும் சொல்லுங்கள். மூன்றாம், நான்காம் அளவுகள்தான் வேண்டும், பெரியவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.